‘பாஸ்’ என்னும் வினைச்சொல்

ஆங்கில மொழியிலே உருவத்தாற் சிறியனவாயும் பொருளாற் பெரியனவாயும் அமைந்த வினைச்சொற்கள் பலவுள. அவற்றுள், நம்மவர் நாவில் மிகுதியும் புழங்குவதும், ஆங்கில நெடுங்கணக்கை அறியாத பாட்டிமாரும் பொருள் தெரிந்து வழங்குவதுமாகிய ஒன்று ‘பாஸ்’ என்னும் சொல். பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளிலே, உப்புவெளி தொடக்கம் உவர்மலை வரை எந்தப் படலையிலும் கேட்கப்படும் வினா ஒன்றே: “பாஸோ, பெயிலோ?” இவ்விரு சொற்களுக்கும் இடையே மூன்றாவது சொல்லொன்று அங்கே கிடையாது. பத்து வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பிள்ளையும் இவற்றுள் ஒன்றைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் வீட்டினுள் நுழைய வேண்டியிருக்கின்றது. இத்துணை அதிகாரம் படைத்த சொல்லின் பிறப்பு யாது, அது நம்மிடத்து வந்து பெற்ற பொருள் யாது, அதற்கு ஈடாக நாம் வழங்கும் தமிழ்ச் சொற்கள் உணர்த்துவன யாவை என்பவற்றைச் சிறிது ஆராய்தல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

‘பாஸ்’ ஆங்கிலத்திற்குப் பிறப்புரிமைச் சொல் அன்று. இலத்தீன் மொழியிலே ‘பாசுஸ்’ என்றொரு பெயர்ச்சொல் உண்டு. அதன் பொருள் காலடி என்பது; இன்னும் செப்பமாகக் கூறின், கால்களை அகல விரித்து எடுத்துவைக்கும் கவடு. விரித்தல் என்னும் பொருள்படும் வினையடியினின்று அது பிறந்தது. உரோமர் இதனை நீட்டலளவையாகவும் கொண்டனர். ஒரு கால் நிலத்தை விட்டெழுந்து மீண்டும் நிலத்தை ஊன்றும் வரையுள்ள தூரம், அஃதாவது ஐந்து உரோம அடி, ஒரு ‘பாசுஸ்’ ஆகும். அத்தகைய கவடு ஆயிரம் கொண்டது ஒரு மைல். ஆயிரம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே ‘மைல்’ எனத் திரிந்தது. ‘பாசுஸ்’ என்பதினின்று நடத்தல், கடந்து செல்லல் எனப் பொருள்தரும் வினை பிரெஞ்சு மொழியிலே தோன்றி, 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்திற் புகுந்தது. மாலுமி கையிலுள்ள ‘கொம்பாஸ்’ என்னும் திசையறி கருவியின் பெயரும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மாணவர் பெட்டியிலே கவர்த்த இரு காலோடு கிடக்கும் கவராயத்திற்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர் ஆதலின், காலை விரித்து அடியளத்தல் என்னும் பழம்பொருள் அங்கே கண்ணுக்குத் தெரியவே நிற்கின்றது.

ஆகவே இச்சொல்லின் உயிர்நிலை இயக்கமாகும். தீர்ப்பு அன்று. ஒருவன் ஓரிடத்தைக் கடந்து மற்றோரிடத்திற்குச் சென்றான் என்பதே அது முதலிற் சொல்லியது. பயணி, பயணவழி, கடவுச்சீட்டு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் யாவும் இவ்வடியிற் பிறந்தனவே. பொழுது போக்கைக் குறிக்கும் ‘பாஸ்டைம்’ என்பதும் அவ்வாறே காலத்தைக் கடத்தல் என்னும் கருத்தினின்று வந்தது. யூதரது பெருவிழாவுக்கு ‘பாஸ்ஓவர்’ எனப் பெயரிட்டவர் விவிலியத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த தின்டேல் என்பார். அவர் அதனை ஆக்கியது 1530ஆம் ஆண்டளவில். ஒன்றை மட்டும் எச்சரித்து அப்பாற் செல்வோம். செயப்பாட்டுவினையைக் குறிக்கும் ‘பாசிவ்’ என்னும் ஆங்கில இலக்கணச் சொல்லும், பொறுமையைக் குறிக்கும் ‘பேஷன்ஸ்’ என்பதும் இக்குடும்பத்தின் அல்ல. அவை துன்புறுதல் என்னும் பொருளுடைய வேறோர் இலத்தீன் வினையின் வழிவந்தவை. ஒலி ஒத்தவை எல்லாம் உறவு ஆகா.

இவ்வெச்சரிக்கையை மனத்திற்கொண்டே அடுத்துக் கூறுவதை நோக்குதல் வேண்டும். கடந்துபோன காலத்தை ஆங்கிலத்திற் குறிக்கும் ‘பாஸ்ட்’ என்னும் சொல், ‘பாஸ்’ என்னும் வினையினது இறந்தகால எச்சமே. எழுத்து மட்டும் மாறிற்று. தமிழிலே நாம் அக்காலத்தை இறந்த காலம் என்கின்றோம். ‘இற’ என்பதற்குக் கடந்து செல்லல் என்பதே பழம்பொருள். தொல்காப்பியர் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாக வகுத்தபோது இறப்பு என்றது சாவை அன்று, கடந்துபோதலையே. பின்னர் உலகைக் கடந்தவர்க்கும் அச்சொல் உரியதாயிற்று. ஆங்கிலேயரும் மாண்டவரைக் கூறுமிடத்து அவர் கடந்து போயினார் என இதே வினையால் மங்கலமாகக் கூறுவர். இன்னும் ஒரு படி செல்வோம். எல்லை கடந்து பிறர் நிலத்துட் புகுதலை, அதன் வழியாகப் பிழை செய்தலை, ‘திரெஸ்பாஸ்’ என்பது ஆங்கில வழக்கு. வள்ளுவரும் பொறையுடைமை அதிகாரத்திலே இறப்பு என்னும் சொல்லை வரம்பு கடந்த தீங்கு என்னும் பொருளிலேயே ஆண்டுள்ளார். காலம், சாவு, பிழை என்னும் மூன்றையும் கடத்தல் என்னும் ஒரு கருத்திலே ஏற்றிப் பார்க்க இரு மொழியாரும் தனித்தனியே கற்றிருக்கின்றனர். இதனைக் கண்டவுடனே, ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து கப்பலேறிச் சென்றது என ஏட்டையெடுத்து எழுதப் புறப்படுவார் நம்முள் உளர். அவர்க்கு எமது பணிவான விண்ணப்பம், சற்றே அமர்க என்பது. வேறு வேறு மக்கள் ஒரே உலகில் நடந்து திரிந்தமையால் ஒரேவகைச் சிந்தனை பெற்றனர் என்று கொள்வதே தமிழுக்குப் பெருமை. களவு பிடித்தல் அன்று.

தமிழிலே ‘பாஸ்’ என்பதற்கு நேரே நிற்கும் வினை ‘கட’ என்பதாகும். ஈழத்தமிழர் அதனை நன்கு பேணி வைத்துள்ளனர். வெளிநாடு செல்வோன் கையிலிருப்பது கடவுச்சீட்டு. புகைவண்டித் தண்டவாளத்தைத் தெரு குறுக்கிடும் இடம் புகையிரதக் கடவை. பாதசாரிகள் தெருவைக் கடக்கும் கோடிட்ட இடமும் கடவையே. மலையிடைவழிக்கு மட்டும் கணவாய் என்று வேறொரு பெயர் உண்டு. சரித்திர பாடத்திலே கைபர்க் கணவாய் என்றவுடன் துறைமுகத்துப் பிள்ளைகள் சிரிப்பது ஏன் என்பதைக் கறிச்சட்டியிற் கணவாய் கண்ட எவரும் அறிவர்.

கடத்தல் என்பது திருகோணமலை மாவட்டத்தாருக்கு ஏட்டுச் சொல் அன்று. கடலும் களப்பும் கங்கை முகமும் ஊர்களைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கும் நிலம் இது. 2009ஆம் ஆண்டிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, நகரத்துக்குப் படிக்க வந்த பிள்ளைகளும் கச்சேரிக்கு வந்த பெரியோரும் நீரைக் கடந்தே வந்தனர். அவர்களை ஏற்றி வந்த மிதவைக்கு நம்மூரார் இட்ட பெயர் ‘பாதை’ என்பது. தெருவைக் குறிக்கும் சொல்லை நீரில் மிதக்கும் பலகைக்கு இட்டமை எமக்கு என்றும் வியப்பே. கால் வைத்து நடந்து சென்று, நின்று, மறுகரையில் நடந்து இறங்குதலால் அதுவும் ஒரு தெருவே என எண்ணினர் போலும். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி குறிஞ்சாக்கேணியிலே அத்தகைய பாதையொன்று கவிழ்ந்தது. பாலவேலை முடியாதிருந்தமையால் அவ்வழி சென்ற மக்களுள், பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். பரீட்சையைக் கடத்தல் பற்றிப் பேசுவோர் பரீட்சை மண்டபத்தின் வாயில் வரை வந்து சேர்தற்கு ஒரு பிள்ளை எவற்றைக் கடக்கின்றது என்பதையும் சேர்த்துப் பேசுதல் வேண்டும் என்பதற்காகவே இதனை இங்கே குறித்தோம்.

‘பாஸ்’ என்னும் சொல் பெயர்ச்சொல்லாகி நம்மை ஆண்டதும் உண்டு. 1957ஆம் ஆண்டிலே பிரித்தானியர் கைவிட்டுச் செல்லும் வரை இத்துறைமுகம் அவர்தம் கடற்படைத் தளமாயிருந்தது. காவல் நின்ற வாயிலுக்கு உள்ளே போவதற்குச் சீட்டு வேண்டும் என்பதும், அச்சீட்டின் பெயர் ‘பாஸ்’ என்பதும் அக்காலந்தொட்டே ஊருக்குப் பழகியவை. பின்னர், 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போர்க்காலத்திலே, மீனவன் கடலிற் படகிறக்கப் ‘பாஸ்’ வேண்டியிருந்தது. வன்னியிலிருந்து வெளியேறப் ‘பாஸ்’, வவுனியாவிலே தங்கப் ‘பாஸ்’. பிறப்பாலே நடையைக் குறித்த சொல், நடக்க விடாமைக்குப் பெயராயிற்று. (மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்று வழங்கும் ‘பாஸ்’ வேறு, அது தலைமைத் தொழிலாளியைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல். இக்கோட்டையை ஆண்ட ஒல்லாந்தர் போய்விட்டனர். அவர்தம் ‘பாஸ்’ இன்னும் சாந்தகப்பையோடு நிற்கின்றார்.)

சட்டமூலமும் ‘பாஸ்’ ஆகும். 1956ஆம் ஆண்டிலே சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கிய சட்டம் பாராளுமன்றத்திலே ‘பாஸ்’ ஆகியபோது, தமிழில் அதனை நிறைவேறியது என்று கூறினர். நிறைவு யாருக்கு என்று அன்று வினவியோர் பலர். தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்ற திருத்தம் ‘பாஸ்’ ஆவதற்கு 1987ஆம் ஆண்டு வரை காத்திருந்தோம். மொழிபெயர்ப்பிலே ஒரு சொல் எத்துணை அமைதியாக ஒரு பக்கஞ் சார்ந்துவிடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இனிப் பரீட்சைக்கு வருவோம். ‘பாஸ் பண்ணினான்’ என்பது பேச்சு வழக்கு. வடமொழியினின்று வினைப்பொருட் சொற்களை ஏற்றபோது நம் முன்னோர் அவற்றுக்கு இகர ஈறு தந்து, சோதித்தான், பூசித்தான், தியானித்தான் எனத் தமிழ் வினைபோலவே விகுதி கூட்டி நடத்தினர். ஆங்கில வினைக்கு அவ்வுரிமை கிட்டவில்லை. அது தானே நடக்கமாட்டாமல் ‘பண்ணு’ என்னும் துணைவினையின் தோளிலே தொங்கிக்கொண்டு வருகின்றது. பாசித்தான் என எவரும் துணிந்து சொல்லவில்லை; சொல்லியிருப்பின் அவன் பாசி படிந்தான் எனப் பொருள்படும். இது தமிழின் வலிமையா, சோம்பலா என்பது வேறு ஆராய்ச்சி. ஆயினும் ஒன்று சொல்வோம். திருகோணமலை இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை 1920களில் ஏற்றிருந்த விபுலாநந்த அடிகள், 1936ஆம் ஆண்டிலே சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அவர்காலந் தொட்டு நடந்த கலைச்சொல்லாக்கத்திலே பெயர்ச்சொற்கள் பெருகின. அன்றாட வினைகள் கவனிப்பாரின்றி நின்றன. கடவுச்சீட்டு நிலைபெற்றது, ‘பாஸ் பண்ணுதல்’ அப்படியே கிடக்கின்றது.

எழுத்து வழக்கிலே ஈழத்தவராகிய நாம் வழங்குவது சித்தியடைதல், சித்தியெய்துதல் என்பன. சித்தி என்பது கைகூடுதல் என்னும் பொருளுடைய வடசொல். அணிமா முதலிய அட்டமாசித்திகளையும் சித்தர்களையும் அறிந்த நம் நாட்டிலே, எட்டாம் வகுப்புப் பிள்ளை பூமிசாத்திரத்திலே சித்தியெய்தினான் எனும்போது சிறிது மிகையாகவே தோன்றுகின்றது. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் எம் பத்திரிகைகளைப் பார்க்க நேர்ந்தால் அஞ்சவும் கூடும். அங்கே சித்தியடைந்தார் என்பது யோகியர் உடல் நீத்ததைக் குறிக்கும் வழக்கு. ‘பாஸ்’ என்னும் ஆங்கில வினை பரீட்சைக்கும் சாவுக்கும் பொதுவாய் நிற்பது போலவே, நாம் தெரிந்தெடுத்த தமிழ்ச் சொல்லும் தற்செயலாக அவ்விரண்டுக்கும் பொதுவாய் அமைந்துவிட்டது.

அவர்கள் வழங்குவது தேறுதல், தேர்ச்சி பெறுதல் என்பன. இவற்றையே யாம் சிறந்தனவாகக் கொள்வோம். காரணம் கூறுவோம். தேறுதல் என்பது தெளிதல். கலங்கிய நீரிலே தேற்றாங்கொட்டையை இழைத்து விட, மண் கீழே படிந்து நீர் தேறும். நோயாளி தேறுகின்றான், துயருற்றவன் தேறுகின்றான். இவை யாவும் பையப் பைய நிகழ்வன. ஒரு நொடியிலே கோட்டுக்கு இப்பாலிருந்து அப்பாற் போவன அல்ல. ‘பாஸ்’ என்பதிலே ஒரு வாயில் உண்டு, வாயிலிலே காவலன் உண்டு. சித்தி என்பதிலே ஒரு சிகரம் உண்டு. தேறுதல் என்பதிலே உள்ளது நீரும் காலமுமே. இன்று தேறாத நீர் நாளைத் தேறும்; அதனைக் கெட்ட நீர் என்று கொட்டுவாரில்லை.

இங்கே ஒரு தடை எழும். “இவன் தேறமாட்டான்” என்று தமிழிலேதானே ஏசுகின்றோம், அப்போது இச்சொல் மட்டும் எங்ஙனம் பிள்ளையைக் காக்கும் என வினவலாம். உண்மையே. எச்சொல்லையும் கல்லாக்கி எறிய மனிதனுக்குத் தெரியும். ஆயினும் தேறமாட்டான் என்பது வருங்காலத்தைப் பற்றிய ஆரூடம். அதனை மறுக்கப் பிள்ளைக்கு வருங்காலம் முழுவதும் உண்டு. ‘பெயில்’ என்பது முடிந்துபோன தீர்ப்பு. அச்சொல்லின் இலத்தீன் மூலத்திற்கு ஏமாற்றுதல் என்னும் பொருளும் உண்டு என்பதை அறிவோர் சிலரே. நம் வீடுகளிலே அப்பொருள் தானாகவே திரும்பி வந்து, பிள்ளை பெற்றோரை ஏமாற்றிவிட்டது என்றாகின்றது. ‘கோட்டை விட்டான்’ என்பது நம் வழக்கிலே இதனினும் இரக்கமுடையது. இத்திருகோணமலைக் கோட்டையையே 1782ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆங்கிலேயரிடம் விட்டனர், அவ்வாண்டிலேயே ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடம் விட்டனர். விட்ட ஆங்கிலேயர் 1795இல் மீண்டும் பிடித்தனர்.

சொல்லைப் பற்றி இவ்வளவு வருந்துவது ஏன் எனின், எண்ணைப் பாருங்கள். சாதாரண தரப் பரீட்சையிலே 35 புள்ளி பெற்றவன் சாதாரண சித்தி. 34 பெற்றவன் ‘டபிள்யூ’. முன்னைய ‘எப்’ என்னும் எழுத்தை நீக்கி, வலுக்குறைவு எனப் பொருள்படும் எழுத்தை இட்டமை நல்லதே. ஆனால் வீட்டிலே அதனையும் ‘பெயில்’ என்றே மொழிபெயர்க்கின்றனர். ஒரு புள்ளி என்பது விடைத்தாள் திருத்துவோர் பேனையை ஒருமுறை உயர்த்தித் தாழ்த்தும் நேரம். அந்த ஒரு புள்ளியின் இருபுறமும் நிற்கும் இரு பிள்ளைகளின் அறிவிலே உள்ள வேறுபாட்டை, இருவரையும் ஐந்தாண்டு கற்பித்த ஆசிரியராலும் காட்டமுடியாது.

இதனினும் கொடியது ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. அங்கே மாவட்டந்தோறும் இடப்படும் வெட்டுப்புள்ளி சித்திக்கோடு அன்று. உதவிப்பணமும் பெரிய பாடசாலைகளில் இடமும் எண்ணிக்கையிற் சிலவே ஆதலால், அவற்றைப் பங்கிடுதற்கு ஒரு கோடு கிழிக்க வேண்டியுள்ளது, அவ்வளவே. இடங்கள் பெருகினால் கோடு கீழிறங்கும், குறைந்தால் மேலேறும். பிள்ளையின் அறிவோ இருந்தபடியே இருக்கும். பந்தியில் இலை போதாமையால் அடுத்த பந்திக்கு இருத்தப்பட்டவனை, உண்ணத் தெரியாதவன் என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பத்து வயதுப் பிள்ளையை நாம் ‘பெயில்’ என்கின்றோம். மேலே நின்றோரின் படங்களை வீதியோரப் பதாகைகளிலே வரிசையாக ஏற்றுகின்றோம். ஏற்றப்படாத படங்கள் எத்தனை என்பதை அப்பதாகையின் கீழால் நடந்து பாடசாலைக்கு வரும் ஏனைய பிள்ளைகளே நன்கறிவர். பதாகையை வேண்டாவென்று கூறினால் பாடசாலையின் பெயர் கெடும் என்பர் பழைய மாணவர் சிலர். இம்மலரைப் படிப்போருள்ளும் அவர் இருப்பர். அவர்கள் கல்வி பயின்ற நாளிலே அவர்தம் வகுப்பிற் கடைசி வாங்கிலில் இருந்தவர்களுள், இன்று கல்லூரிக்குக் கட்டடம் கட்டித் தருவோர் எத்தனை பேர் என ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பார்ப்பாராக.

பரீட்சையை ஒழிக்க வேண்டும் என்பது எம் கட்சி அன்று. பரீட்சை என்னும் வடசொல்லின் உறுப்புக்களைப் பிரித்தால், சுற்றும் நோக்குதல் என்றாகும். அவ்வாறு எல்லாப் புறமும் நோக்கினால் அதனினும் நல்ல கருவி வேறில்லை. எமது கோரிக்கை மிகச் சிறியது. மகரகமத் தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டிகளைத் திறந்து பார்த்தால், ஒரு பாடத்திலே பிள்ளை செய்ய வல்லவற்றைத் தேர்ச்சி என்றும் தேர்ச்சி மட்டம் என்றும் பெயரிட்டு அடுக்கியிருக்கக் காணலாம். தவணை முடிவிலே பெற்றோர்க்கு நாம் அனுப்புவதன் பெயரும் தேர்ச்சி அறிக்கை. தேர் என்னும் அடியிற் பிறந்து, தேறு என்பதற்கு நெருங்கிய இனமாய் நிற்கும் சொல் அது. ஆகவே வேண்டிய சொல் வழிகாட்டியிலும் இருக்கின்றது, அறிக்கையின் முகப்பிலும் இருக்கின்றது. உள்ளே திறந்தால் மட்டும் சித்தி, சித்தியின்மை என்னும் இரண்டே வாய்பாடு. அவ்வோரத்து நிரலிலே அவ்விரண்டையும் எடுத்துவிட்டு, தேறியவை என்று ஒன்றும், தேறவேண்டியவை என்று ஒன்றுமாக எழுத இடம் விடலாம். பின்னத்திலே தேறினான், தசமத்திலே தேறவேண்டும் என்று எழுதினால், வாசிக்கும் தகப்பன் அடுத்த தவணைக்கு என்ன செய்வதென்று அறிவான். ‘பெயில்’ என்று எழுதினால் அவன் தேடுவது பிரம்பு. வகுப்பாசிரியருக்கு ஒரு மாணவனுக்குப் பத்து நிமிடம் மேலதிகமாகச் செல்லும். நாற்பது மாணவர் கொண்ட வகுப்பிலே அது இலேசான வேலையன்று என்பதை யாம் அறிவோம். அச்சகத்தார் அதற்கென மேலதிகமாக ஒன்றும் கேட்கமாட்டார்கள்.